எது வேண்டுமானாலும் நடக்கும் ஊரில் பயணம் இல்லை

வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கக் காரணங்கள் பல. ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு. இன்னொருவருக்குக் காய்ச்சல் போன பிறகும் போகாத மூட்டுவலி. வேறொருவர் நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகர முடியாது. 2020ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கில் நாம் எல்லோருமே ஒன்றாக உள்ளே உட்கார்ந்திருந்தோம். இப்படி இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், "ஏதாவது புத்தகம் படிங்களேன், பொழுது போகும்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அடைபட்டிருப்பவருக்குப் பொழுது போகாததைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புதிய இடம் எதையும் பார்த்துப் பல நாளாகியிருக்கும். அந்தக் குறையைப் புத்தகம் தீர்க்குமா? தீர்க்கும். அதிலும் ஒரு வகைப் புத்தகம் நன்றாகவே தீர்க்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அது எப்படி என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு புதிர். சுவிட்சர்லாந்துக்கான பயணக் கையேடு ஒன்றை வீட்டில் உட்கார்ந்து படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்த ரயில் எத்தனை மணிக்கு, எந்த விடுதியில் என்ன வாடகை, எந்தச் சிகரம் எத்தனை மீட்டர், அத்தனையும் உண்மை. படித்து முடித்ததும் அங்கே போய்வந்த உணர்வு வருகிறதா? பெரும்பாலும் வராது. போக முடியவில்லையே என்ற ஏக்கம்தான் கூடும். அதே நாற்காலியில் உட்கார்ந்து, எந்த உலகப்படத்திலும் இல்லாத ஒரு நாட்டைப் பற்றிய நாவலைப் படிக்கிறோம். அங்கே மலையும் பொய், ஆறும் பொய், ஊரும் பொய். ஆனால் புத்தகத்தை மூடும்போது நெடுந்தூரம் நடந்த அலுப்பும் நிறைவும் வருகின்றன, அந்த ஊரின் பாதைகள் பல மாதம் நினைவில் நிற்கின்றன. உண்மையான தகவல் நம்மைக் கூட்டிப்போகாத இடத்துக்குக் கற்பனை எப்படிக் கூட்டிப்போகிறது?

விடையைத் தேடும் முன் எந்த வகை நாவலைச் சொல்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஃபேன்டஸி என்றும் மிகுபுனைவு என்றும் அழைக்கப்படும் நாவல்களில் பல பிரிவுகள் உண்டு. நாம் பேசப்போவது, எழுத்தாளர் தனக்கென்று ஒரு முழு நிலத்தையே உண்டாக்கிக்கொள்ளும் பிரிவைப் பற்றி. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய ஜே.ஆர்.ஆர். டோல்கின் இதை 'இரண்டாம் உலகம்' என்றார். நாம் வாழ்வது முதல் உலகம். எழுத்தாளர் சொற்களால் கட்டுவது இரண்டாவது. அதற்கென்று மலைத்தொடர், நாட்காட்டி, மொழி, பழைய சண்டைகள் எல்லாம் உண்டு. 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவர் இதை விளக்கினார். வாசகர் அந்த உலகத்துக்குள் இருக்கும்வரை அங்கே நடப்பதை அங்குள்ள விதிகளின்படி உண்மை என்றே நம்புகிறார், அந்த நம்பிக்கை உடைந்த நொடியில் வெளியே வந்து விழுகிறார் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இப்போது, இந்த நாவல்களைப் பற்றி ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் தவறான எண்ணம் ஒன்றுக்கு வருவோம். மாயக்கதை என்றால் அதில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், எழுத்தாளர் மனம்போன போக்கில் எழுதலாம், அதனால்தான் அது படிக்க இன்பமாக இருக்கிறது என்பதே அந்த எண்ணம். படிக்காதவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். படிக்கிறவர்களில் பலர் அதையே பெருமையாகச் சொல்வார்கள். இரு தரப்பும் ஒரே இடத்தில் தவறுகின்றன. எது வேண்டுமானாலும் நடக்கக்கூடிய ஓர் உலகத்தில் பயணம் என்ற ஒன்றே இருக்க முடியாது. நினைத்த மாத்திரத்தில் போய்ச் சேரலாம் என்றால் தூரம் இல்லை. தூரம் இல்லையென்றால் வழி இல்லை. வழி இல்லாதபோது நாம் எதை நடந்து கடப்பது?

ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். புலி கோட்டின் மேல்தான் நகர வேண்டும், பக்கத்துப் புள்ளியில் இருக்கும் ஆட்டைத் தாண்ட வேண்டுமென்றால் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் தரையில் கரியால் கிழித்த நாலு கோட்டை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கிறோம். புலி எங்கு வேண்டுமானாலும் பாயலாம் என்று மாற்றிவிட்டால் ஒரு நிமிடத்தில் எழுந்து போய்விடுவோம். இரண்டாம் உலகமும் இப்படித்தான் இயங்குகிறது. அங்கே என்னென்ன அதிசயம் உண்டு என்பது நம்மை வாசல்வரை இழுக்கும். அங்கே எதெல்லாம் முடியாது என்பதே நம்மை உள்ளே நடக்கவைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு, நல்ல எழுத்தாளர்கள் அந்த 'முடியாது'களை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கட்டுப்பாடு தூரம். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதன் நாயகன் ஃபிரோடோ தன் ஊரிலிருந்து செப்டம்பர் 23ஆம் தேதி கிளம்புகிறான். ரிவெண்டெல் என்ற மலைப் பள்ளத்தாக்கின் எல்லையில் உள்ள ஆற்றைக் கடப்பது அக்டோபர் 20ஆம் தேதி. புவியியல் படித்த வரைபடக் கலைஞரான கேரன் வின் ஃபான்ஸ்டாட் இந்த நாவலுக்கென்றே ஒரு நிலப்பட நூலைத் தயாரித்து 1981இல் வெளியிட்டார். அவர் கணக்கின்படி அந்தப் பயணம் ஏறக்குறைய 460 மைல், அதாவது 740 கிலோமீட்டர். தங்கிய நாட்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு நாளுக்கு 27 கிலோமீட்டர். மூட்டை சுமக்கும் மட்டக்குதிரையோடு நடந்துபோகும் ஒரு சிறு கூட்டத்துக்குப் பொருந்தும் தூரம். கதையில் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடிகிறது, போட்டால் விடையும் சரியாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். படிக்கும்போது நாம் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் எழுதியவர் போட்டிருக்கிறார் என்பதை நம் கால்கள் உணர்ந்துகொள்கின்றன.

இரண்டாவது கட்டுப்பாடு வானம். 1944இல் டோல்கின் தன் மகன் கிறிஸ்டஃபருக்கு ஒரு கடிதம் எழுதினார். மகன் அப்போது விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தக் கடிதத்தில் அப்பா சொல்லும் கவலைகளில் ஒன்று நிலாவைப் பற்றியது. கதையில் பயணிகள் பிரிந்து வெவ்வேறு திசைகளில் போகிறார்கள். ஒரே இரவில் ஒரு கூட்டத்துக்கு நிலா உதித்துக்கொண்டும் இன்னொரு கூட்டத்துக்கு மறைந்துகொண்டும் இருப்பதாகத் தான் எழுதியிருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். முந்தைய அத்தியாயங்களைத் திருத்துவதில் ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. மாயமோதிரம் வரும் கதையில் நிலா தப்பாக உதித்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் விட்டுவிடவில்லை. மோதிரத்தை நாம் நம்ப வேண்டுமென்றால் நிலா தன் நேரத்துக்கு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நிலாவோடு மல்லுக்கட்டியவர் அவர் மட்டும் இல்லை. அவருக்கு 60 ஆண்டுக்கு முன்பே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இதே இடத்தில் இடறினார். பிறகு பஞ்சாங்கம் பக்கத்தில் இல்லாமல் எழுத உட்காருவதில்லை என்று அவரே ஒரு கட்டுரையில் எழுதினார். தமிழில் 'புதையல் தீவு' என்று பலரும் படித்திருக்கும் நாவலை எழுதியவர் அவர்தான். அதில் மந்திரம் இல்லை, ஆனால் அந்தத் தீவு எந்தக் கடலிலும் இல்லை. அது பிறந்த விதம் நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துகிறது. 1881ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற மலையூர். கோடைக்காலம் என்று பெயர்தான், மழையும் குளிரும் விடவில்லை. நுரையீரல் நோயாளியான ஸ்டீவன்சன் குடும்பத்தோடு ஒரு வாடகை வீட்டில் அடைபட்டிருந்தார். மனைவியின் மகனான சிறுவன் பொழுதுபோகாமல் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவனோடு உட்கார்ந்து அவரும் ஒரு தீவை வரைந்து வண்ணம் கொடுத்தார். அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதைமாந்தர்கள் மரங்களுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வரைபடம் முந்தியது, கதை பிந்தியது.

அந்த வரைபடத்துக்குப் பின்னால் நடந்தது இன்னும் சுவையானது. புத்தகமாக அச்சிடக் கொடுத்தபோது மூல வரைபடம் தொலைந்துபோனது. இம்முறை அவர் தலைகீழாக வேலை செய்ய வேண்டியிருந்தது. தன் நாவலையே வரிவரியாகப் படித்து, எது எதற்கு எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்து, அந்தக் குறிப்புகளுக்கு ஏற்ப ஒரு புதிய தீவை வரைய வேண்டும். கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளரான அவர் அப்பாவின் அலுவலகத்தில் அந்த வேலை நடந்தது. தன் சொற்களிலிருந்தே அவரால் தீவை மீட்டெடுக்க முடிந்தது. அந்த நிலம் தாளைவிட்டுப் போன பிறகும் கதைக்குள் இருந்தது. நம் மனதிலும் அது அப்படித்தான் பதிகிறது.

மூன்றாவது கட்டுப்பாடு மூட்டை. ரிவெண்டெலை விட்டுப் புறப்படும் நேரத்தில் ஃபிரோடோவின் துணைவன் சாம் தன் மூட்டையில் உள்ள பொருட்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறான். சமையல் பாத்திரம் இருக்கிறது, உப்புப் பெட்டி இருக்கிறது, கயிறு இல்லை. கயிறு இல்லாத குறை அவனைப் பல அத்தியாயம் துரத்துகிறது. எதிரியின் நாட்டுக்குள் நுழைந்த பிறகு, கையில் இருக்கும் உணவு போவதற்கு மட்டும்தான் போதும், திரும்பி வருவதற்கு இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் சுமை தாங்காமல், ஊரிலிருந்து தூக்கி வந்த பாத்திரங்களை ஒரு பிளவில் போடுகிறான். அந்த இடத்தில் கண் கலங்காத வாசகர்கள் குறைவு. போர்க்களங்கள் பல இருக்கும் நாவலில் ஒரு வாணலி கீழே விழும் சத்தம் நம்மை உலுக்குகிறது என்றால், அதன் எடையை ஆயிரம் பக்கம் நாமும் சேர்ந்து சுமந்திருக்கிறோம் என்று பொருள்.

நான்காவதும் மிக நுட்பமானதுமான கட்டுப்பாடு மந்திரத்துக்கே விதிக்கப்படுவது. இதை உர்சுலா கே. லெ குவினிடம் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வாழ்ந்த அவர் 1968இல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' என்ற நாவலை வெளியிட்டார். எர்த்சீ என்பது பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம். அவரும் முதலில் செய்த காரியம் வரைபடம் வரைந்ததுதான். அந்த உலகில் எதன் உண்மைப் பெயரை அறிகிறோமோ அதன் மேல்தான் மந்திரம் பலிக்கும். கடலைக் கட்ட வேண்டுமென்றால் கடல் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அதன் ஒவ்வொரு முனையின், ஒவ்வொரு விரிகுடாவின் பெயரும் தெரிய வேண்டும். கெட் என்ற இளைஞன் தனிமையான ஒரு கோபுரத்தில் உட்கார்ந்து பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனப்பாடம் செய்கிறான். நள்ளிரவில் மை மறைந்துவிடும், அதற்குள் படித்து முடிக்க வேண்டும். மந்திரம் கற்பது அங்கே புவியியல் கற்பதாக ஆகிவிடுகிறது. கெட்டோடு சேர்ந்து நாமும் அந்தக் கடலைக் கற்கிறோம்.

அதோடு அங்கே எதுவும் இலவசம் இல்லை. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். பாய்மரத்துக்கு மந்திரக் காற்றை ஊட்டலாம், ஆனால் ஊட்டுகிறவன் களைத்துப்போவான். நாவலின் பிற்பகுதியில் ஓர் அழகான இடம் வருகிறது. கெட்டும் அவன் நண்பனும் நீண்ட கடற்பயணத்துக்குத் தயாராகிறார்கள். நண்பனின் தங்கை கேட்கிறாள்: காய்ந்த ரொட்டியை ஏன் கட்டிக்கொண்டு போகிறீர்கள், மந்திரம் சொன்னால் சூடாகச் சாப்பாடு வந்துவிடாதா? வரும், ஆனால் தங்கள் சொற்களையே தின்றுகொண்டு நடுக்கடலுக்குப் போக விருப்பமில்லை என்ற பொருளில் கெட் பதில் சொல்கிறான். மந்திர உணவு மணக்கும், ருசிக்கும், வயிற்றைக்கூட ஏமாற்றும், ஆனால் பசித்தவனுக்குத் தெம்பு தராது. மந்திரவாதிகளும் மூட்டை கட்ட வேண்டிய உலகம் என்பதால்தான் அவர்களோடு படகில் ஏறும்போது நமக்குக் கடலின் அளவு தெரிகிறது.

எழுத்தாளர் தரப்பைப் பார்த்தாயிற்று. இந்த மலைக்கும் கடலுக்கும் அவர்களுக்குக் கல்லும் நீரும் எங்கிருந்து கிடைக்கின்றன? முதல் உலகத்திலிருந்துதான். டோல்கின் 1911இல், 19 வயதில், ஒரு குழுவோடு சுவிட்சர்லாந்து மலைகளில் கால்நடையாகப் பயணம் போனார். ஒரு பனியாற்றின் ஓரத்தில் நடந்தபோது, வெயிலில் பனி இளகி மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. அவர் மயிரிழையில் தப்பினார். 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலில் மலை கடக்கும் பகுதிகள் அந்தப் பயணத்திலிருந்து வந்தவை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ரிவெண்டெல் பள்ளத்தாக்கிலும் அவர் நடந்த லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் சாயல் இருக்கிறது. ஆகவே நாம் தொடக்கத்தில் கேட்ட புதிருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பயணக் கையேடு நாளைக்குப் போகப்போகிறவருக்காக எழுதப்பட்டது, நடப்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. நாவலில் ஒருவர் ஏற்கெனவே நடந்த மலை, இன்னொரு பெயரில், ஒவ்வோர் அடியாக நம் காலடியில் வைக்கப்படுகிறது.

மீதிப் பாதி நம் தரப்பில் இருக்கிறது. படிக்கும்போது மனக்கண்ணில் படம் ஓடுகிறது, அதனால்தான் போய்வந்த உணர்வு வருகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் மனக்கண்ணில் படமே தோன்றாதவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன் 2015இல் இந்த நிலைக்கு அஃபேன்டேஷியா என்று பெயர் வைத்தார். கண்ணை மூடி ஆப்பிளை நினைத்தால் அவர்களுக்கு ஆப்பிள் தெரியாது. ஆப்பிளைப் பற்றி எல்லாம் தெரியும், உருவம் மட்டும் எழாது. அவர்களிலும் ஆர்வமான நாவல் வாசகர்கள் உண்டு. அப்படியானால் இந்தப் பயணத்தின் உயிர் படத்தில் மட்டும் இருக்க முடியாது.

அது எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஓர் ஊரை அறிவது என்றால் என்ன என்று யோசிப்போம். புதிய ஊருக்கு மாற்றலாகிப் போனவருக்கு முதல் வாரம் எல்லாம் வெறும் காட்சி. எந்தத் தெருவில் திரும்பினால் கடைத்தெரு வரும், எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தப் பக்கம் இரவில் போகக் கூடாது என்று எதிர்பார்க்கத் தொடங்கும் நாளில்தான் அவர் அந்த ஊர்க்காரர் ஆகிறார். எதிர்பார்க்க முடிவதே ஊரை அறிவது. விதிகள் உள்ள இரண்டாம் உலகம் நமக்கு இந்த எதிர்பார்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது. இருட்டப்போகிறது, மலைக்கணவாயில் பனி பெய்யும், கயிறு வேறு இல்லையே என்று ஃபிரோடோவுக்கு முன்னால் நாம் கவலைப்படுகிறோம். கவலைப்பட்ட நொடியில் நாம் அங்கே இருக்கிறோம். எது வேண்டுமானாலும் நடக்கும் கதையில் இப்படி முன்கூட்டிக் கவலைப்பட வழியே இல்லை, அதனால் அங்கே நாம் கடைசிவரை வேடிக்கை பார்ப்பவராகவே நின்றுவிடுவோம்.

"சரி, ஆனாலும் இது நிஜத்தை விட்டு ஓடுவதுதானே?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டோல்கின் தன் 1939 உரையில் இதற்கும் பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதும், வெளியே போக முடியாதபோது சுவரையும் காவலரையும் தவிர வேறொன்றைப் பற்றி நினைப்பதும் தவறாகாது என்பது அவர் வாதம். கைதி தப்புவதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்றார். அதற்கு மேலும் ஒன்று சொன்னார். இப்படிப் போய்வந்தவருக்குப் பழகிய பொருட்கள் மறுபடியும் புதிதாகத் தெரிகின்றன. மரம், கல், ரொட்டி, நெருப்பு, வீடு போன்ற சாதாரணப் பொருட்களின் மதிப்பு மாயக்கதைகளில்தான் தனக்கு முதலில் புரிந்தது என்பது அவர் அனுபவம். கதைக்குள் ஒரு துண்டு ரொட்டிக்காக நாம் கவலைப்பட்டதை நினைத்தால் அவர் சொல்வது புரியும்.

வெளியே போவதற்கும் உள்ளே கவனிப்பதற்கும் உள்ள உறவை இரண்டு எடுத்துக்காட்டுகளில் பார்க்கலாம். 1790இல் இத்தாலியின் டூரின் நகரில் ஸேவியர் டி மேஸ்ட்ர் என்ற இளம் ராணுவ அதிகாரிக்கு, சட்டத்துக்குப் புறம்பாக வாள்சண்டை போட்டதற்காக 42 நாள் வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. அவர் தன் அறையைச் சுற்றியே ஒரு பயண நூல் எழுதினார். நாளுக்கொன்றாக 42 அத்தியாயம். அறையின் சுற்றளவு 36 எட்டு என்று அளந்து சொல்கிறார். கட்டில், நாற்காலி, சுவரில் உள்ள படங்கள், கண்ணாடி என்று ஒவ்வொன்றின் முன்னும் பயணியாகத் தங்குகிறார். அதில் மாயம் எதுவும் இல்லை. அளப்பதும் பெயர் சொல்வதும் தங்கிப் பார்ப்பதும் சேர்ந்தால் 36 எட்டுக்குள்ளும் பயணம் உண்டாகிறது என்பதற்கு அந்தச் சிறு நூல் சாட்சி.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் காலத்தது. சூசன்னா கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளரின் முதல் நாவல் 2004இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதற்குப் பிறகு சில காலத்திலேயே அவர் நோயில் விழுந்தார். உடலை விட்டு நீங்காத களைப்பு நோய் அது. பல ஆண்டுகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அந்த நிலையில் அவர் எழுதிய 'பிரனேசி' 2020 செப்டம்பரில், உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் வெளிவந்தது. மறு ஆண்டு பெண்களுக்கான புனைவிலக்கியப் பரிசை வென்றது. நோயால் உலகத்திடமிருந்து துண்டிக்கப்பட்ட நிலையில் தான் இதை எழுதியதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

அந்த நாவலின் உலகம் ஒரு வீடு. முடிவே இல்லாத கூடங்கள், கூடமெங்கும் பளிங்குச் சிலைகள். கீழ்த்தளத்தில் கடல் நிறைந்திருக்கிறது, மேல்தளத்தில் மேகம் உலவுகிறது. நடுத்தளத்தில் நாயகன் வாழ்கிறான். அவனுக்கு அந்த வீட்டுக்கு வெளியே வேறு இடம் தெரியாது. ஆனால் அவன் கைதியைப்போல வாழவில்லை. ஓதங்கள் எந்தக் கூடத்தில் எப்போது ஏறும் என்று கணக்கிட்டு அட்டவணை வைத்திருக்கிறான். சிலைகளை ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் பதிகிறான். மீன் பிடிக்கிறான், கடற்பாசியைக் காயவைத்து எரிபொருளாக்குகிறான். ஒரு பெரிய அல்பட்ராஸ் பறவை தென்மேற்குக் கூடங்களுக்கு வந்த ஆண்டு என்று, நடந்ததை வைத்தே ஆண்டுக்குப் பெயர் வைக்கிறான். கதையின் முடிச்சை நான் அவிழ்க்கப்போவதில்லை, அது நீங்களே அவிழ்க்க வேண்டியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டுக்குள் இருக்க நேர்ந்த ஒருவர், வீட்டையே முழு உலகமாகக் கவனிக்கும் ஒருவனை எழுதியிருக்கிறார். நல்ல ஃபேன்டஸி நாவல் நமக்குப் பழக்குவதும் இந்தக் கவனத்தைத்தான்.

இனி, இந்தப் பயணத்துக்கு எப்படிப் புறப்படுவது என்று பார்ப்போம். உடம்பு முடியாதவர் ஆயிரம் பக்க நாவலில் தொடங்க வேண்டாம். 'தி ஹாபிட்' குழந்தைகளுக்காக எழுதப்பட்டது, ஆங்கிலம் எளிமையாக இருக்கும். 19 அத்தியாயம்தான், இரவுக்கொன்றாக வீட்டில் யாராவது உரக்கப் படித்துக்காட்டினால் மூன்று வாரத்துக்குள் முடியும். 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' 10 அத்தியாயம். தனிமையும் கடலும் பிடித்தவர்களுக்கு அது. 'பிரனேசி' 300 பக்கத்துக்குள் அடங்கிவிடும். முதல் சில பக்கங்களில் ஒன்றும் புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாயகனின் வீடு உங்களுக்குப் பழகியதும் எல்லாம் தானாகத் தெளியும். கையில் புத்தகம் பிடிக்க முடியாதவர்களுக்கு ஒலிப்புத்தகம் இருக்கிறது.

படிக்கும் முறை ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் முன்பக்கத்தில் வரைபடம் இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அத்தியாயம் முடியும்போதெல்லாம் திரும்பி வந்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று விரல் வைத்துப் பாருங்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லையென்றால் உங்களுக்கு வசதியாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அந்த ஊரில் உங்களைத் திருத்த ஆள் இல்லை. சாப்பாடு, வானிலை, வழி பற்றிய பத்திகளை, கதை நகரவில்லையே என்று தள்ளிவிடாதீர்கள். நாம் இதுவரை பார்த்ததுபோல, பயணம் அந்தப் பத்திகளில்தான் இருக்கிறது. அவசரம் உள்ளவர்கள் கதையை மட்டும் தெரிந்துகொண்டு வருவார்கள். வீட்டில் அடைபட்டிருக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஊரையும் பார்த்துவிட்டு வரலாம்.

நாவல் நல்லதா என்று அறிய ஒரு சோதனையும் உண்டு. பாதிப் புத்தகத்தில் நிறுத்திவிட்டு, இங்கிருந்து அடுத்த ஊருக்குப் போக என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும், எத்தனை நாள் ஆகும், வழியில் எதற்கு அஞ்ச வேண்டும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எழுத்தாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார், நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எவ்வளவு அதிசயங்கள் கொட்டிக் கிடந்தாலும் பதில் வரவில்லையென்றால், அந்தப் புத்தகத்தைத் தயங்காமல் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அடுத்த முறை வீட்டோடு இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகும்போது பழங்களோடு இப்படி ஒரு நாவலையும் வாங்கிப் போங்கள். கூடவே ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் கொடுங்கள். படித்து முடித்ததும் அந்த நாட்டின் வழிகளைத் தன் நினைவிலிருந்தே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் போய், அவர் பார்த்துவந்த ஊரைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.